மூன்றாம் நம்பர் வால்வு

10-1-66, திங்கள்

பனி. எட்டு மணி வரை எதிர் வரிசை குவார்ட்டர்ஸ் தெரியவில்லை. கொடியில் காய்ந்த வேட்டியில் வழக்கம்போல் சாம்பல் பொடி. சரசு அதை உதறிக்கொண்டே யாரையோ திட்டினாள். பவர் ஹவுஸ் புகைபோக்கியை என்று நினைக்கிறேன்.

ஏ ஷிப்ட். பம்ப் 3 நிறுத்தி 4 ஓட்டம். நிறுத்துவதற்கு முன் 3-இன் வால்வை மூட வேண்டும். முழுத் திறப்பிலிருந்து மூடல் வரை சக்கரம் 32 சுற்று. பம்ப் ஸ்டேஷன் ஆரம்பித்த நாளிலிருந்து என் ஷிப்டில் அதை நான்தான் மூடுவது, ஒரே மூச்சில். இன்று 18-இல் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கி, மறுபடி பிடித்து, மறுபடி நின்று, ஒருவழியாக மூடினேன்.

கலியபெருமாள் (இனி க.பெ., எழுத நீளமான பெயர்) எதிரில் எண்ணெய்த் துணியோடு நின்றான்.

“இன்னா மேஸ்திரி, காலைல சாப்புடலிங்களா?”

“அதெல்லாம் சாப்பிட்டாச்சு. நீ உன்ற வேலயப் பாரு.”

பாவம், அவனிடம் ஏன் எரிந்து விழுந்தேன் தெரியவில்லை. நாலு வருஷமாக என் ஹெல்பர். குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தவன், இன்று பர்மனெண்ட். ஸ்பேனர் பிடிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று நாற்பது வயதிலும் எல்லோரிடமும் சொல்லித் திரிவான்.

டாக்டர் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்: எங்கே வலி, எப்போது, எவ்வளவு. அது தனித் தாளில். இது பழைய லாக் புக், பின்பக்கம் காலி. இது எனக்கு மட்டும்.

12-1-66, புதன்

ஆஸ்பத்திரி. ஒன்றரை மணி நேரம் பெஞ்சில். பக்கத்தில் காதுவலிக்காரர் ஒருவர். பூமிக்கடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, இரவும் பகலும் இறைக்காவிட்டால் மைன்ஸ் முழுகிவிடும் என்று எனக்கே விளக்கினார். நான் இறைக்கிற ஆள் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு தடவை தெளிவாக எழுதிவைக்கிறேன், எனக்கே குழம்புகிறது. ப்ராஸ்டேட் என்று ஒரு சுரப்பி. ஆண்களுக்கு மட்டும், மூத்திரப்பைக்குக் கீழே. ஐம்பத்தாறு வயது வரை அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே தெரியாது. அதில் புற்று. இடுப்பெலும்புக்கும் போய்விட்டது. மெட்ராஸில் பத்து நாள் படுக்கவைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆண்களுக்கு ஊறுகிற ஏதோ ஒன்றைத் தின்றுதான் அது வளர்கிறதாம். அந்த ஊற்றை அடைக்க, பெண்களுக்கு ஊறுவதை மாத்திரையாகச் செய்து கொடுக்கிறார்கள். வெள்ளை மாத்திரை, தினம் ஒன்று, அக்டோபரிலிருந்து.

தீபாவளி தாண்டியதும் இடுப்புவலி போனது நிஜம். மூத்திரம் தாராளம். ஆனால் வந்தது என்ன?

— சாயங்காலமானால் இரண்டு காலும் வீக்கம். பூட்ஸ் கழட்ட சரசு (இனி ச.) இழுக்கிறாள்.
— தொடையில் சதை எங்கே போனது? கால்சட்டை தொளதொள.
— சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. மதகுத் திண்டில் ஏறி நின்று உட்காருகிறேன். யாராவது வந்தால் செயின் பார்ப்பதுபோல் குனிந்துகொள்கிறேன்.
— மார்பு. எழுதவே கூச்சம். இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு கட்டி. காக்கிச் சட்டை உரசினால் உயிர் போகிறது.

டாக்டரிடம் கேட்டேன்: இந்தப் பலவீனம் நோயாலா, மாத்திரையாலா?

“ரெண்டாலயும் இருக்கலாம் கந்தசாமி. வயசாலயும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல முடியாது.”

பிரித்துச் சொல்ல முடியாதா? லைனில் எங்கே அடைப்பு என்று இன்ஜினீயர் கேட்டால் நான் அப்படிப் பதில் சொல்ல முடியுமா? கேட்கவில்லை. மனதில் மட்டும்.

உத்தரவு: பளு தூக்கக்கூடாது, எலும்பு முறியும். தினம் நடக்க வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், காலை பத்து, மாலை பத்து. மார்ச்சில் ரத்தம் பார்த்துவிட்டு லைட் டியூட்டி பற்றிப் பேசலாம். லைட் டியூட்டி என்றால் ஸ்டோரில் டோக்கன் வாங்கி ஆணியில் மாட்டும் வேலை.

நாற்காலி: 4. ஐந்தாவதில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

16-1-66, ஞாயிறு

பொங்கல் ஆயிற்று. கரும்பு கடிக்கப் பல் இருக்கிறது, கரும்பை முறிக்கக் கை இல்லை. ச. அரிவாளால் நறுக்கிக் கொடுத்தாள்.

மத்தியானம் ச. ஒரு காக்கிச் சட்டையை நீட்டினாள்.

“ஏனுங்க, இதப் போட்டுப் பாருங்க.”

உட்பக்கம், மார்புக்கு நேரே, இரண்டு பக்கமும் பழைய மல் வேட்டியை நாலாக மடித்து வைத்துத் தைத்திருக்கிறாள். வெளியே தையல் தெரியவில்லை. நான் இதைப்பற்றி அவளிடம் மூச்சுவிட்டதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தோள் துண்டு இல்லாம இருக்கமாட்டேங்கறீங்க. ராத்திரி குப்புறப் படுக்கறதில்ல. ரெண்டு பெத்தவளுக்குப் பால் கட்டுன வலி தெரியாதுங்களா?”

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முன்பெல்லாம் எனக்கு அழுகை வராது. அப்பா செத்தபோதே வரவில்லை. இதுவும் மாத்திரையா, அல்லது நானேதானா? ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்து, குழாய் வாஷர் சரியில்லை என்று சொன்னேன்.

23-1-66, ஞாயிறு

காலையில் கக்கூஸில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. குழாயைப் பிடித்தேன், குழாய் ஆடியது. சுவரில் நகத்தால் பற்றி... சே. கால் மணி நேரம். ச.வைக் கூப்பிட வாய் வரவில்லை.

க.பெ.வை வரச் சொன்னேன். கைப்பிடிக்கு முக்கால் அங்குலக் குழாய் இரண்டடி, இரண்டு வளைவு, நாலு போல்ட். சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று எஸ்டேட் ஆபீஸ் நோட்டீஸ். அடித்தோம். க.பெ. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி:

“உக்காந்து காட்டுங்க மேஸ்திரி. கை எட்டற ஒயரம் பாக்கணும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காய்ந்த கக்கூஸில், அவன் பென்சிலோடு நிற்க, நான் உட்கார்ந்து காட்டினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ச. அடுப்படியிலிருந்து “அங்க என்னங்க சிரிப்பு?” என்றாள். சொல்லவில்லை.

குழாய் நன்றாக நிற்கிறது. என் எடையை இழுத்துப் பார்த்தாயிற்று. மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். துண்டு காயப்போட என்றேன்.

29-1-66, சனி

காற்று. கண்ணில் தூசு.

வால்வு 3, இந்த வாரம்: 16, 15, 15, 13, 14, 11.
நாற்காலி: 3.

நடப்பது மட்டும் பரவாயில்லை. மார்க்கெட் போய் வந்தேன், வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். நின்றதற்கு ஒரு தரம் போஸ்டர் படித்தேன், ஒரு தரம் கத்தரிக்காய் விலை கேட்டேன். வாங்காததற்குக் காய்க்காரி முறைத்தாள்.

நம் ஸ்டேஷன் வால்வுகளில் கிளாண்டு ஒரு சொட்டுக் கசியாது. தண்டு நுழைகிற இடத்தில் கிராபைட் கயிறு அடைத்து மேலே தட்டைவைத்து நான் இறுக்குகிற இறுக்கு அப்படி. மற்ற ஸ்டேஷன்களில் வால்வுக்குக் கீழே பாசி பிடித்திருக்கும், என் தரையில் படுத்துத் தூங்கலாம். இப்போது அந்த இறுக்கே என் கையைத் தின்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அபத்தம். போன வருஷமும் இதே இறுக்குத்தானே.

7-2-66, திங்கள்

பூசம் முடிந்து வடலூரிலிருந்து கூட்டம் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது. க.பெ. விபூதி கொண்டுவந்து கொடுத்தான்.

இன்று அவமானம். 10-ஆவது சுற்றில் முழங்கால் மடங்கிவிட்டது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டுவிட்டேன், கோயிலில் விழுகிற மாதிரி. புது ஜூனியர் இன்ஜினீயர் வாசலில். பார்த்துவிட்டார். பார்க்காததுபோல் மீட்டரைப் படித்தார். க.பெ. ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். எப்போதும் யோசிக்கிற முறைப்படி. கோளாறு கண்டுபிடிக்க ஒரே வழிதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு நட்டை ஒன்றாகத் தொட்டால் எதனால் சரியாயிற்று, எதனால் கெட்டது, தலையும் தெரியாது வாலும் தெரியாது. க.பெ.வுக்கு நான் சொன்ன முதல் பாடமே அதுதான்.

சரி. வலி இல்லை. நோய் அடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் இந்தப் பலவீனம் எதனால்? மாத்திரையை மட்டும் நிறுத்திப் பார்ப்பது. சாப்பாடு, நடை, நாற்காலி, ஷிப்ட் எல்லாம் அப்படியே. வால்வு 3 சொல்லும்.

டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால் கூடாது என்பார். கேட்கப் போவதில்லை.

8-2-66, செவ்வாய்

ச. வழக்கம்போல் கஞ்சிக்கு முன் மாத்திரையும் டம்ளர் தண்ணீரும். நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன். தண்ணீர் முழுதும் குடித்தேன். அவள் திரும்பியதும் விரலால் எடுத்து, வால்வு பேஸ்ட் இருந்த பழைய டப்பாவில்.  திருடியதுபோல் இருக்கிறது. என் மாத்திரையை நானே திருடுவதா?

வால்வு: 11.

14-2-66, திங்கள்

பனி குறைந்துவிட்டது. முருங்கை பூத்திருக்கிறது.

வால்வு: 12, 13, 15, 16. இன்று 17.

மூன்று தரம் சரிபார்த்தேன், தப்பாக எண்ணிவிட்டேனோ என்று. க.பெ.வைக் கேட்டேன், எத்தனை? “பதினேழுங்க மேஸ்திரி.” முகம் மலர்ந்திருந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றான். வற்புறுத்தியதும் குடித்தான்.

ஆக, மாத்திரைதான். டாக்டரால் பிரிக்க முடியாததை நான் பிரித்துவிட்டேன்.

நாற்காலி: 3. இது ஏன் ஏறவில்லை?

22-2-66, செவ்வாய்

வால்வு: 21.
நாற்காலி: 3. ஒருநாள் 2.

கை தேறுகிறது, கால் தேறவில்லை. அப்படி உண்டா? மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறி, கீழ் வீட்டுக்கு வராமல் இருக்குமா? ஆனால் சக்கரம் சுற்றும்போது கைக்கு இதமாக இருக்கிறது, பழைய மாதிரி. என் கைதான், எனக்குத் தெரியாதா?

சைக்கிள் இன்னும் மதகிலிருந்துதான். மார்பு நோவு அப்படியே. இரண்டு வாரம்தானே ஆகிறது, பொறுக்க வேண்டும்.

வால்வு 3 கிளாண்டில் லேசான கசிவு. நாளை பார்க்க வேண்டும்.

3-3-66, வியாழன்

வெயில் ஆரம்பம்.

வால்வு: 27!

ச.விடம் சொல்லிவிட்டேன், பலம் வருகிறது என்று. டப்பா விஷயம் சொல்லவில்லை. அவள் கடலைப்பருப்பு வேகவைத்து ஒப்பிட்டு (இந்தப் பக்கம் போளி என்பார்கள்) செய்தாள். “மாத்தர நல்லாத்தானுங்க கேக்குது. நாந்தான் பொறுமையா இருங்கன்னு சொன்னேனல்லோ” என்று நெய் ஊற்றினாள்.  நாலு தின்றேன்.

எழுந்திருக்கும்போது இடுப்பில் சுருக்கென்று. தரையில் உட்கார்ந்ததால் இருக்கும்.

கிளாண்டு சொட்டுகிறது. கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். நான் வைக்கவில்லை.

9-3-66, புதன்

32.

ஒரே மூச்சில். மூடிவிட்டு நின்றேன். வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. க.பெ. இருந்தான், ஆனால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். தூசு என்றான்.

ஆனால் இரவு படுத்தால் இடுப்பெலும்பில் குடைச்சல். செப்டம்பரில் இருந்த அதே இடம், அதே குடைச்சல். சக்கரம் சுற்றியதால் பிடித்துக்கொண்டதா? அல்லது அதுவா? 32 சுற்று சுற்றுகிறவனுக்கு நோய் எப்படி ஏறும்? ச. தைலம் தேய்த்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். இல்லை.

14-3-66, திங்கள்

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வியாழக்கிழமை. டாக்டரிடம் 32 என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வால்வைப் பார்த்ததில்லை. “ம், ம்” என்று நாற்காலியைக் காட்டினார். கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். இரண்டோடு சரி. அவரும் விழித்தார், நானும் விழித்தேன்.

17-3-66, வியாழன்

ரத்தத்தில் ஏதோ ஒரு ஆசிட் கணக்கு. ஜனவரியில் இறங்கியிருந்தது, இப்போது ஏறிவிட்டது. நிறைய.

“மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடறேனுங்க.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு திருப்பிக்கொள்ள முடியவில்லை.

“அப்போ மாத்திரை உங்களுக்குக் கேக்கல. இனிமே ஆபரேஷன்தான். ரெண்டு விதையையும் எடுத்துடணும். மெட்ராஸுக்கு லெட்டர் எழுதறேன். ஏப்ரல்ல போங்க.”

அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை கேட்கவில்லையா? நான் கொடுத்தால்தானே கேட்கும். ஆனால் மாத்திரை இல்லாமல்தானே எனக்குப் பலம் வந்தது? பலம் வந்தவனுக்கு ரத்தம் ஏன் கெட வேண்டும்? வால்வு பொய் சொல்லுமா? ரத்தம் பொய் சொல்லுமா? இரண்டில் ஒன்று பொய்.

மதகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரோ “மேஸ்திரி, செயின் கழண்டுச்சா?” என்று கேட்டுப் போனார்கள்.

19-3-66, சனி

காலையிலேயே புழுக்கம்.

ஜூனியர் இன்ஜினீயர் வந்தார். வால்வு 3-க்குக் கீழே தண்ணீர் தேங்கி, அவர் செருப்பு வழுக்கிவிட்டது. “என்ன மேஸ்திரி, உங்க ஸ்டேஷன்லயா இப்படி?” என்றார். முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. ஒரு மாதமாகச் சொட்டுகிறது, நான் தினமும் அதன் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். போன வருஷமாக இருந்தால் ஒரு மணி நேரம் பொறுத்திருப்பேனா?

ஸ்பேனர் எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. கிளாண்டு நட்டு இரண்டும் விரலுக்கே சுற்றின. தண்டைத் துடைத்துப் பார்த்தேன். மரை முழுக்கப் புது கிரீஸ். நான் போட்டதல்ல.

ஸ்பேனரைத் தரையில் வைத்தேன்.

“க.பெ.” என்று கூப்பிட்டேன். எழுதுகிற பெயரே வாயில் வந்துவிட்டது. அவன் வந்து நட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்படியே தரையில் குந்திவிட்டான்.

“யாரு தளத்துனது?”

“நாந்தாங்க.”

“எப்ப?”

“அன்னிக்கு நீங்க முட்டிபோட்டு வுழுந்தீங்கல்ல. மறுநாள்லேர்ந்து. ஒரே நாள்ல தளத்தனா நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு தெனம் கால் சுத்து, கால் சுத்தா... நீங்க மூச்சு வாங்கிகினு நிக்கறத பாத்துகினு இருக்க முடியில மேஸ்திரி. நான் மூடறன்னு சொன்னா அடிக்க வருவீங்க. நீங்க எண்ணிகினு சிரிச்சீங்க. அப்பறம் எப்பிடி நிறுத்தறது?”

மறுநாளிலிருந்து. எட்டாம் தேதி. நான் மாத்திரையை நிறுத்திய அதே நாள். நான் ஒரு நட்டைத் தொட்டேன், அவன் ஒரு நட்டைத் தொட்டான். அவன் தொட்டது எனக்குத் தெரியாது, நான் தொட்டது அவனுக்குத் தெரியாது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது?

சொல்லிவிட்டேன். எல்லாம். மூத்திரக் கோளாறு என்று இத்தனை நாள் சொன்னது பொய், புற்று என்று. மாத்திரையை நிறுத்தியது, ரத்தம் ஏறியது, ஆபரேஷன். கேட்டுக்கொண்டே இருந்தவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “ஐயோ, நானே உங்கள கொன்னுட்டனே” என்றான். பெரிய ஆம்பளை, பம்ப் சத்தத்தில் வெளியே கேட்கவில்லை. நீ இல்லை, நான்தான் என்றேன். நானும் அழுதேன். இன்று மாத்திரை சாப்பிட்டு நாற்பது நாள் ஆகிறது, ஆகவே இந்த அழுகைக்கு மாத்திரையைக் குற்றம் சொல்ல முடியாது.

பிறகு ஸ்பேனரை எடுத்து கிளாண்டை நானே இறுக்கினேன், பழைய இறுக்குக்கு. இடுப்பு குத்தியது. கிரீஸைத் துடைத்தேன். வால்வை முழுதும் திறக்கச் சொல்லி, சக்கரத்தைப் பிடித்தேன்.

9.

20-3-66, ஞாயிறு

டப்பாவை ச. முன்னால் வைத்தேன். காலை, கஞ்சிக்கு முன். அவள் கையில் இன்றைய மாத்திரை.

“இது என்ன டப்பாங்க?”

திறந்து பார்த்தாள். நாற்பது. சிலதில் பேஸ்ட் ஒட்டிக் கறுத்திருந்தது.

“தெனமும் என்ற கையிலதானுங்க தண்ணி வாங்கிக் குடிச்சீங்க?”

“ஆமா.”

“தெனமுமுங்களா?”

 அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். நான் காரணமெல்லாம் சொன்னேன்: வால்வு, சுற்று, ஒரு சமயத்தில் ஒன்று. எனக்கே சொல்லச் சொல்ல அசட்டுத்தனமாக இருந்தது. கடைசியில் திரும்பினாள்.

“சாகறதுன்னா என்றகிட்டச் சொல்லிட்டுச் சாகுங்க. இப்பிடித் திருட்டுத்தனமா வேண்டாம்.”

எனக்குச் சாக இஷ்டம் இல்லை சரசு என்றேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்றோ. சாக இஷ்டம் இல்லை, ஆனால் சக்கரத்தை விடவும் இஷ்டம் இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது எனக்கு இப்போதும் சரியாக மண்டையில் ஏறவில்லை.

மாத்திரையை வாங்கினேன். விழுங்கினேன்.

“வாயத் தொறங்க.”

திறந்தேன்.

“நாக்கத் தூக்குங்க.”

தூக்கினேன். குனிந்து நன்றாகப் பார்த்தாள். மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை என்றதும் கோபத்தோடு இரண்டு தட்டுப் போட்டாள்.

21-3-66, திங்கள்

வெயில். மாத்திரை: சாப்பிட்டது. வாய் சோதனை: ஆயிற்று.

அரை நாள் லீவு கேட்டு முதலில் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். பத்து நிமிஷம் கத்தினார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கத்தி முடித்துத் தண்ணீர் குடித்தார், எனக்கும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொன்னார்.

“ஆறு வாரம் தினமும் சாப்பிடுங்க. மறுபடி ரத்தம் பாப்போம். இறங்கினா சரி. நடுவுல விட்டதால இறங்காமயும் போகலாம். எனக்குத் தெரியாது.”

“பலம் வருமுங்களா?”

“மாத்திரை இருக்கறவரைக்கும் பழைய பலம் வராது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். நாற்காலிய விடாதீங்க.”

மெட்ராஸ் லெட்டரை டிராயரில் போட்டார். கிழிக்கவில்லை.

லைட் டியூட்டி பற்றி நானே கேட்டேன். ஆறு வாரம் கழித்து என்றார். அதுவரை அதே ஸ்டேஷன், பளு மட்டும் கூடாது. வால்வு பளுவா என்று கேட்டேன். எத்தனை கிலோ என்றார். சுற்றுக் கணக்குத்தான் தெரியும் என்றேன். முடிந்தவரை, வலிக்கிற வரைக்கும் போகாமல் என்றார். முடிந்தவரை என்றால் எவ்வளவு? இவர் எதையும் அளந்து சொல்ல மாட்டார்.

நாற்காலி: 3. ச. பக்கத்தில் நின்று எண்ணினாள். நாலாவதற்குக் கை கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு ஸ்டேஷன். க.பெ. என் பக்கம் வராமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனான். பம்ப் மாற்றும் நேரம் வந்ததும் கூப்பிட்டேன்.

“இங்க வந்து நில்லு. அந்தப் பக்கம் இல்ல. என்ற பக்கத்துல.”

வந்து நின்றான். சக்கரத்தைப் பிடித்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவதற்குத் தோள் இழுத்தது. கையை எடுத்தேன். அவன் அசையவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன பாக்கற? புடி. நான் எண்ணறேன்.”

வால்வு 3: நான் 9. க.பெ. 23. கசிவு இல்லை.